காணிக்கையை வைத்துவிட்டுப் போகவேண்டியவர்

தமிழில் ‘பொறு’ என்ற வினைச்சொல் நான்கு வேலைகளைச் செய்கிறது. பாரத்தைத் தாங்குவது பொறுத்தல். வலியைச் சகித்துக்கொள்வதும் பொறுத்தல். “கொஞ்சம் பொறு” என்றால் காத்திரு என்று பொருள். பிழையை மன்னிப்பதற்கும் அதே சொல். நான்கும் நான்கு வேறு செயல்கள். தூண் கூரையைப் பொறுக்கிறது. கூரையை அது மன்னிப்பதில்லை. பல்வலியைப் பொறுக்கிறவள் பல்லை மன்னிப்பதில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள் ஒரு பெண்ணைப் பார்த்து “பொறுத்துப் போ” என்று சொல்லும்போது நான்கு பொருளும் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன. எதைச் செய்யச் சொல்கிறார்கள் என்று அவளும் கேட்பதில்லை. சொல்கிறவர்களும் யோசிப்பதில்லை.

திருக்குறளின் பதினாறாம் அதிகாரம் பொறையுடைமை. அதன் முதல் குறளில் வரும் உவமை எல்லாருக்கும் தெரிந்தது: தன்னைத் தோண்டுகிறவரையும் விழாமல் தாங்கிக்கொள்ளும் மண். ஒருமுறை இதை நடத்திக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, “மண்ணுக்கு வலிக்குமான்னு யாராவது கேட்டாங்களா மேடம்?” என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே அதிகாரத்தில் வள்ளுவர் ஒறுப்பவரையும் பொறுப்பவரையும் அருகருகே நிறுத்தி எடைபோடுகிறார் என்பதை அன்று அவளுக்குக் காட்டினேன். அப்படியானால் அவர் பேசுவது, ஒறுக்கும் வலிமை கையில் இருந்தும் அதை வேண்டாமென்று விடுகிறவரைப் பற்றி. வேறு வழியே இல்லாதவரின் பொறுமைக்கு அந்த அதிகாரத்தைச் சான்றாகக் காட்டுவது சரியில்லை. ஆனால் தமிழ்நாட்டில் மண்ணையும் பெண்ணையும் சேர்த்தே பேசிப் பழகிவிட்டோம். உவமை எந்தப் பக்கம் சரியும் என்பது தெரிந்ததுதான்.

நான் தாமிரபரணிக் கரையில் ஒரு புராட்டஸ்டண்ட் குடும்பத்தில் பிறந்தவள். ஓய்வுநாள் பள்ளி, அசனப் பண்டிகை, அம்மாவின் ஐக்கிய சங்கக் கூட்டங்கள் என்று வளர்ந்தவள். இப்போதும் கோவிலுக்குப் போகிறேன். பெண்ணியம் பேசுகிறவள் ஏன் அங்கே போகிறாய் என்று தோழிகள் கேட்பார்கள். அதற்கான பதில் வேறொரு கட்டுரை. இங்கே ஒன்று மட்டும் சொல்கிறேன்: மன்னிப்பை நான் மதிக்கிறேன். கிறிஸ்தவத்திலிருந்து அதை உருவி எடுத்துவிட்டால் மிச்சம் அதிகம் இருக்காது. மனிதர்களின் பொது வாழ்க்கையில் மன்னிப்புக்கு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தவர் நாசரேத்தூர் இயேசு என்று, கிறிஸ்தவரல்லாத ஹன்னா அரெண்ட் 1958இல் எழுதினார். செய்ததைச் செய்யாததாக்க முடியாத உலகில் மனிதர்கள் மறுபடி தொடங்குவதற்கு இருக்கும் ஒரே வழி அது என்பது அவருடைய வாதம். நானும் அதை நம்புகிறேன். நம்புவதால்தான் அந்தச் சொல்லை மலிவாக விற்பதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் முன்னாள் மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். கல்யாணமாகி மூன்று வருடம். கணவன் அடுப்படியில் வைத்து அவள் கழுத்தைப் பிடித்து நெரித்திருக்கிறான். முதல் தடவை அல்ல. அவள் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்த வாரமே அவனுடைய சபையின் ஐயர் இரண்டு பெரியவர்களை அழைத்துக்கொண்டு வந்து, பாய் விரித்து உட்கார்ந்து, ஜெபம் செய்து, பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரனின் உவமையைச் சொல்லியிருக்கிறார். தேவன் உனக்கு மன்னித்தது பதினாயிரம் தாலந்து, இவன் உனக்குப் பட்ட கடன் வெறும் நூறு வெள்ளிக்காசு, இதை நீ மன்னிக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். மன்னித்தால் வருகிற வெள்ளிக்கிழமையே கிளம்பலாம் என்று ஏற்பாடு.

திரும்பிப் போகலாமா என்று என்னிடம் அவள் கேட்கவில்லை. போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். அவள் கேட்டது வேறு. “மேடம், எனக்கு இன்னும் மனசு ஆறல. அவரை மன்னிக்க முடியல. இப்படியே வெச்சுக்கிட்டுத் திருவிருந்து எடுத்தா தப்பா?” முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் முன்னால் போய் முழங்கால்படியிட்டபோது அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். அதே ஞாயிறு அவன் தன் சபையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் அப்பமும் ரசமும் வாங்கிக்கொண்டான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அடிபட்டவள் பந்திக்கு வெளியே, அடித்தவன் பந்தியில். இந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதுதான் அன்றிலிருந்து என் கேள்வி. நான் இறையியல் படித்தவள் அல்ல. ஆனால் ஒரு பிரதியை முன்னும் பின்னும் படிக்கத் தெரிந்தவள். அந்த உவமையை எடுத்து உட்கார்ந்தேன்.

மத்தேயு பதினெட்டாம் அதிகாரம். ஒரு ராஜா தன் ஊழியக்காரனின் பெருங்கடனைத் தள்ளுபடி செய்கிறான். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய ஆறாயிரம் நாள் கூலி. பதினாயிரம் தாலந்து என்றால் ஒரு மனிதன் பல ஜென்மம் உழைத்தாலும் தீராது. வெளியே வந்த அந்த ஊழியக்காரன், தனக்கு நூறு வெள்ளிக்காசு தரவேண்டிய உடன்ஊழியனைக் கண்டு பிடித்துக்கொள்கிறான். எப்படிப் பிடித்தான் என்பதை மத்தேயு விட்டுவிடவில்லை. தொண்டையைப் பிடித்து நெரித்தான் என்று எழுதியிருக்கிறது. நான் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். எத்தனையோ பிரசங்கத்தில் கேட்ட கதை. இந்த விவரம் காதில் விழுந்ததே இல்லை. கழுத்தை நெரித்தவன்தான் அந்த உவமையின் குற்றவாளி. நெரிபட்டவளிடம் போய், அவளை அந்தக் கல்நெஞ்சுக்காரனின் இடத்தில் உட்காரவைத்து, அவளுக்கே அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள் அந்தக் கதையில் இருக்கின்றன. கடன்பட்ட இருவருமே காலில் விழுந்து தவணை கேட்கிறார்கள். கடனே இல்லை என்று யாரும் சாதிக்கவில்லை. அடுத்தது, நடந்ததைப் பார்த்த உடன்ஊழியர்கள் துக்கப்பட்டு, போய் ராஜாவிடம் சொல்கிறார்கள். குடும்ப விஷயம், நாம் தலையிடக் கூடாது என்று திண்ணையில் உட்காரவில்லை. ராஜாவும், முன்பு மன்னித்தாயிற்றே என்று விட்டுவிடவில்லை. தள்ளுபடி செய்த கடனைத் திரும்பக் கேட்கிறான். வெறும் நூறு வெள்ளிக்காசு என்கிறார்களே, ஒரு வெள்ளிக்காசு ஒரு நாள் கூலி. நூறு நாள் கூலி என்பது களை பறிக்கப் போகிற பெண்ணுக்குச் சின்னத் தொகையா என்று அந்த ஐயரிடம் கேட்டிருக்கலாம்.

இந்த உவமைக்கு முன்னால்தான் பேதுரு, எத்தனை முறை மன்னிக்கவேண்டும் என்று கேட்கிறார். ஏழு எழுபது தடவை என்ற விடை எல்லாப் பெண்களுக்கும் மனப்பாடம். அதற்கும் முன்னால் இருப்பதை யாரும் மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. உன் சகோதரன் உனக்கு எதிராகக் குற்றம் செய்தால், முதலில் தனியாகப் போய் அவன் குற்றத்தை அவனுக்கு எடுத்துச் சொல். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைச் சாட்சியாக அழைத்துப் போ. அப்போதும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். சபைக்கும் செவிகொடுக்காவிட்டால் அவன் வெளியாள். இது ஒரு நடைமுறை. படிப்படியாக, சாட்சிகளோடு, பாதிக்கப்பட்டவர் பக்கத்திலிருந்து தொடங்குகிற நடைமுறை. லூக்காவோ, ஒரு நாளில் ஏழு முறை மன்னிக்கச் சொல்லும் இடத்தில், அவன் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து மனஸ்தாபப்படுகிறேன் என்று சொல்வதையும் சேர்த்தே எழுதுகிறார். ஏழும் எழுபதும் எங்கள் காதுக்கு வந்துசேர்ந்தன. சாட்சியும் சபை விசாரணையும் மனஸ்தாபமும் வழியிலேயே எங்கோ இறங்கிக்கொண்டன.

மாணவியின் கேள்விக்கு நேரான இடம் ஒன்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று உனக்கு நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்று இயேசு சொல்கிறார். இந்த வசனத்தை நிதானமாகப் படியுங்கள். யாருக்கு யார்மேல் குறை? காணிக்கையோடு நிற்பவன் குறை செய்தவன். குறைப்பட்டவர் வேறெங்கோ இருக்கிறார். பீடத்தை விட்டு எழுந்து போகவேண்டியவன் அவன். அவன் போகும்வரை காணிக்கை தரையில் கிடக்கட்டும், கடவுள் காத்திருப்பார். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்திருக்க வேண்டியது வெள்ளைச் சட்டைக்காரன்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மாற்கு பதினொன்றாம் அதிகாரத்தில் எதிர்த்திசையில் ஒரு வசனம் உண்டு. நீங்கள் நின்று ஜெபம்பண்ணும்போது யார்மேலாவது உங்களுக்குக் குறை இருந்தால் அதை மன்னியுங்கள் என்பது அது. இதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது; ஐக்கிய சங்கத்தில் யாராவது எழுந்து இதை எடுத்து வாசிப்பார்கள். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறை செய்தவனுக்குச் சொன்ன வசனத்தில் ‘போ’ இருக்கிறது, ‘ஒப்புரவாகு’ இருக்கிறது. குறைப்பட்டவருக்குச் சொன்ன வசனத்தில் போவது இல்லை. நின்ற இடத்தில் நின்று மன்னிக்கச் சொல்கிறது. அவன் வீட்டுக்குக் கிளம்பச் சொல்லவில்லை. மன்னிப்பும் ஒப்புரவும் இரண்டு காரியங்கள், இரண்டு பேருடைய காரியங்கள் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் எனக்குக் கிடைக்கவில்லை. நமது சபைகள் இரண்டையும் ஒன்றாக்கி, இரண்டையும் ஒருத்தியின் தலையில் ஏற்றிவிட்டன.

‘ஒப்புரவு’ என்ற சொல்லிலேயே இது ஓரளவு இருக்கிறது. அது விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் புதிதாகச் செய்த சொல் அல்ல. குறளில் ஓர் அதிகாரமே அந்தப் பெயரில் உண்டு. அங்கே ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து வாழும் உதவிக் குணம். அதை விளக்க வள்ளுவர் காட்டும் படங்கள்: ஊர் நடுவே நீர் நிறைந்த குளம், உள்ளூரில் பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். மூன்றும் கையில் உள்ளவரின் படங்கள். வறண்டு கிடக்கும் கிணற்றைப் பார்த்து ஒப்புரவாகு என்று அவர் சொல்லவில்லை. சொல்லுக்குள் ஒப்பு இருக்கிறது, சமமாதல் இருக்கிறது. ஒருத்தி தரையிலும் ஒருவன் நாற்காலியிலும் இருந்தபடி நடக்கிற சமாதானத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது. கத்தோலிக்கத் தோழிகள், முன்பு பாவசங்கீர்த்தனம் என்று சொன்னதை இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். அதில் மனம் வருந்துவது, அறிக்கையிடுவது, பரிகாரம் செய்வது மூன்றும் உண்டு. திருடியதைத் திருப்பித் தரவேண்டும், கெடுத்த பெயரைச் சரிசெய்ய வேண்டும் என்று அவர்களுடைய மறைக்கல்வி சொல்கிறது. பாவம் மன்னிக்கப்பட்டாலும் அது விளைவித்த சேதம் தானாகச் சரியாகிவிடாது என்பதும் அதில் இருக்கிறது. ஏட்டில் இருக்கிறது என்று சேர்த்துக்கொள்கிறேன்.

கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எங்கள் வீட்டில் சொல்லும்போது ‘கடன்’, ‘கடனாளி’ என்ற சொற்கள் வரும். கத்தோலிக்க வீடுகளில் அந்த இடத்தில் ‘குற்றம்’ என்று வரும். சின்ன வயதில், கந்துவட்டிக்காரனைப் பற்றி ஏன் ஜெபத்தில் பேசுகிறோம் என்று குழம்பியிருக்கிறேன். இப்போது பார்க்கையில் அந்தச் சொல்தான் எனக்கு உதவுகிறது. மத்தேயுவின் கிரேக்க மூலத்திலும் கடன்தான். கடன் என்றால் அதற்கு உரியவர் ஒருவர் இருப்பார். தள்ளுபடி செய்ய அவர் ஒருவரால்தான் முடியும். பக்கத்து வீட்டுக்காரரால் முடியாது, மாமியாரால் முடியாது, ஐயராலும் முடியாது. புரோநோட்டில் இருப்பது என் கையெழுத்தே இல்லை என்று ஒருவன் சாதிக்கும்போது, ‘போகட்டும், தள்ளுபடி செய்துவிடு’ என்று கடன் கொடுத்தவளிடம் சொன்னால், கடனே இல்லை என்று ஒப்புக்கொள் என்றுதான் அதற்குப் பொருள். தவறு நடந்தது என்று வாய்திறந்து சொல்வதற்கு முன்னால் ஒரு பெண்ணை மன்னிக்கச் சொல்கிறவர்கள் மன்னிப்பைக் கேட்கவில்லை. அவளுடைய சாட்சியத்தைத் திரும்பப் பெறச் சொல்கிறார்கள். தண்டிக்க இயலாததை மன்னிக்கவும் மனிதர்களால் இயலாது என்று அரெண்ட் சொல்வதன் பொருள், அந்த வகுப்பில் நான் மாணவிக்குச் சொன்னதிலிருந்து அதிகத் தூரத்தில் இல்லை.

சட்டத்திலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869இல் வந்தது. மனைவியின் பிறனுறவு ஒன்றே கணவனுக்குப் போதுமான காரணம். மனைவிக்கோ கணவனின் பிறனுறவு மட்டும் போதாது, கூடவே கொடுமையோ கைவிடுதலோ வேறு ஏதாவதோ வேண்டும் என்ற ஏற்பாடு 2001ஆம் ஆண்டுத் திருத்தம் வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, துணையின் பிறனுறவைப் பொறுத்துக்கொண்டதாக எப்போது கருதலாம் என்பதைப் பேசுகிறது. இருவரும் மீண்டும் சேர்ந்து வாழ்ந்தால், அல்லது தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்தால் மட்டுமே அப்படிக் கருதலாம். ஏதோ ஒரு நேரத்தில் சொன்ன வாய்ச்சொல்லை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்ற பாதுகாப்பு அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே வரியை ஒரு பெண்ணின் நிலையிலிருந்து படித்தால்? பொறுத்துப் போய்விட்டால் அப்புறம் அதைக் காரணமாகக் காட்ட முடியாது. போக இடம் இல்லாததால் அதே கூரையின்கீழ் படுத்துக்கொண்டவளும் பொறுத்துக்கொண்டவளாகிவிடுகிறாள். தாங்கினாளா, சகித்தாளா, காத்திருந்தாளா, மன்னித்தாளா என்று யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்? 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீட்டில் வசிக்கும் உரிமையையும் பாதுகாப்பு ஆணையையும் தனியாகக் கேட்கலாம் என்று சொன்னபோதுதான் கூரையும் மன்னிப்பும் சட்டத்தில் கொஞ்சம் விலகின.

சொத்து விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் 1916, மகளுக்கு மகனின் பங்கில் கால் பாகம் அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அது என்றது. மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதற்குப் பிறகும் எங்கள் தென்மாவட்டங்களில் அண்ணன் தம்பிகள் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கேக்கோடு வந்து, ‘மனஸ்தாபம் வேண்டாம், சமாதானமாகப் போவோம்’ என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சமாதானத்துக்கு முத்திரைத்தாள் செலவு மட்டும் அவர்களுடையது.

ஆண்களுக்குள் சமாதானம் ஆகிவிடும்போது பெண் எங்கே போகிறாள் என்பதை வேதாகமமே ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறது. இரண்டு சாமுவேல் பதின்மூன்றாம் அதிகாரத்தில் வரும் தாமாரின் கதையைச் சொல்கிறேன். நாற்பது வருடக் கோவில் வாழ்க்கையில் இதை ஒரு ஞாயிறு பிரசங்கமாக நான் கேட்டதில்லை. தாவீதின் மகன் அம்னோன், நோய் என்று படுத்துக்கொண்டு, தனக்குப் பலகாரம் செய்துதர வந்த மாற்றாந்தாய் வயிற்றுத் தங்கை தாமாரை வன்கொடுமை செய்கிறான். அவள் தெளிவாகப் பேசுகிறாள், வேண்டாம் என்கிறாள், என் அவமானத்தோடு நான் எங்கே போவேன் என்று கேட்கிறாள். முடிந்தபின் அவளை வெளியே தள்ளிக் கதவைத் தாழிடச் சொல்கிறான். அவள் தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு, உடுத்தியிருந்த பலவர்ண அங்கியைக் கிழித்துக்கொண்டு, தெருவில் அழுதுகொண்டே போகிறாள். அண்ணன் அப்சலோம் என்ன சொல்கிறான் தெரியுமா? பேசாமலிரு, அவன் உன் அண்ணன், இதை மனதில் வைத்துக்கொள்ளாதே. மூவாயிரம் வருடத்தில் வாசகம்கூட மாறவில்லை. தாவீது கேள்விப்பட்டு மிகவும் கோபப்படுகிறான். கோபப்பட்டதோடு சரி.

அதன்பிறகு நடப்பது ஆண்களின் கதை. இரண்டு வருடம் கழித்து அப்சலோம் அம்னோனைக் கொல்கிறான், ஓடிப்போகிறான், திரும்புகிறான், கடைசியில் ராஜா அவனை முத்தமிடுகிறான். தகப்பனும் மகனும் ஒப்புரவாகிறார்கள். அந்தக் காட்சியில் தாமார் இல்லை. அண்ணன் வீட்டில் பாழாய்க் கிடந்தாள் என்ற ஒரு வரியோடு அவள் முடிந்துபோகிறாள். அப்சலோம் தன் மகளுக்கு அவள் பெயரை வைத்தான் என்று போகிறபோக்கில் ஒரு குறிப்பு வருகிறது. அதை எழுதியவருக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

யோசேப்பின் கதையைக் கேட்காதவர் இல்லை. அண்ணன்கள் இருபது வெள்ளிக்காசுக்கு விற்ற தம்பி, பின்னாளில் எகிப்தின் அதிகாரியாகி அவர்களை மன்னிக்கிறான். பிரசங்கங்கள் நேராகக் கட்டிப்பிடித்து அழும் இடத்துக்குத் தாவும். நடுவில் மூன்று அதிகாரம் இருக்கிறது. அண்ணன்களைப் பார்த்தவுடனே தெரிந்தும் யோசேப்பு தான் யார் என்று சொல்லவில்லை. கடுமையாகப் பேசுகிறான், ஒருவனைக் கட்டிவைக்கிறான், தம்பி பென்யமீன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை ஒளிக்கிறான். அன்று என்னை விற்றவர்கள் இன்று இவனையும் விட்டுவிட்டுப் போவார்களா என்று பார்க்கிறான். அன்று விற்கலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, இவனுக்குப் பதிலாக நான் அடிமையாயிருக்கிறேன் என்று முன்னால் வருகிறான். அதற்குப் பிறகுதான் யோசேப்பு தான் யார் என்று சொல்லி அவர்கள் முன்னால் அழுகிறான். அதிகாரத்தில் இருக்கும் ஓர் ஆண் இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதை ஞானம் என்கிறோம். கழுத்தில் தடம் ஆறாத பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை வரை தவணை.

இந்திய சபைகளில் மன்னிப்புக்கு உதாரணமாக எப்போதும் சொல்லப்படுபவர் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த அவர் கணவர் கிரகாமும் மகன்கள் பிலிப்பும் திமோத்தியும் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அவர் சொன்னார். அந்தப் பெரிய மனத்தின் முன் நான் தலைகுனிகிறேன். ஆனால் மன்னிப்பு வேறு, குற்றத்துக்குச் சட்டம் தரும் விளைவு வேறு, இரண்டையும் கலக்கக் கூடாது என்பதும் அவர் நிலைப்பாடு. பிரசங்கத்தில் இந்தப் பாதி வருவதில்லை. அருட்சகோதரி ராணி மரியா 1995இல் மத்தியப் பிரதேசத்தில் பேருந்துப் பயணத்தில் குத்திக் கொல்லப்பட்டார். ஏழைகளை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீட்க உழைத்தவர். அவருடைய தங்கை செல்மி பால், அவரும் துறவி, 2002இல் சிறைக்குப் போய் கொலையாளியின் கையில் ராக்கி கட்டினார். அவனும் மனம் வருந்தி நின்றான். இரண்டு இடத்திலும் குற்றம் நடந்ததா என்று யாரும் சந்தேகிக்கவில்லை. நீ ஏதாவது எதிர்த்துப் பேசினாயா என்று அந்தப் பெண்களிடம் யாரும் கேட்கவில்லை. கொன்றவனோடு குடித்தனம் நடத்து என்றும் சொல்லவில்லை.

என் பெரியம்மா ஒருத்தி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. குடித்துவிட்டு அடிக்கிற கணவனை விட்டு முப்பத்தெட்டு வயதில் பள்ளிக்கூடத்துக்கு அருகில் வாடகை வீடு பிடித்துப் போனவள். பதினொரு வருடம் கழித்துப் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தினமும் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோனாள். ஒருநாள், அவருடைய தம்பிமார் எல்லாரும் நிற்கும்போது, குழறுகிற வாயோடு அவர், “உன்ன அடிச்சது நாந்தான், தப்பு எம்மேலதான்” என்று சொல்லி அழுதார். தம்பிமார் முன்னால் சொன்னார் என்பதைப் பெரியம்மா பிற்காலத்தில் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள், அழுததைச் சொன்னதில்லை. மன்னித்துவிட்டாள். இனி வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று எல்லாரும் அறையை ஒழித்துவைத்தார்கள். அவள் வரவில்லை. கேட்டவர்களுக்கு, “மன்னிச்சது மன்னிச்சதுதான். சாவி எங்கிட்டதான் இருக்கும்” என்றாள். அவர் சாகும்வரை ஆறு வருடம், சனிக்கிழமை தோறும் போய்ச் சமைத்துப் போட்டு, பேசிக்கொண்டிருந்துவிட்டு, கடைசி பஸ்ஸில் தன் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். கோவிலில் அதை யாரும் ஒப்புரவு என்று சொல்லவில்லை. அரைகுறை மன்னிப்பு என்றே பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து அந்தச் சொல்லுக்குப் பொருத்தமாக நடந்த ஒன்று அதுதான்.

மாணவிக்கு நான் என்ன சொன்னேன் என்றால், மத்தேயு ஐந்தையும் மாற்கு பதினொன்றையும் அவளே படித்துப் பார்க்கச் சொன்னேன். லூக்காவில் சிலுவைக் காட்சியையும் பார்க்கச் சொன்னேன். அங்கே இயேசு, இவர்களை நான் மன்னிக்கிறேன் என்று சொல்லவில்லை. பிதாவை மன்னிக்கும்படி கேட்கிறார். ஆணி இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவராலேயே அதை மேலே ஒப்படைக்கத்தான் முடிந்தது என்று நான் படித்துக்கொள்கிறேன். இறையியலாளர்கள் வேறுவிதமாகச் சொல்லலாம். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது அவள் தன் ஊர்ச் சபையில் திருவிருந்து எடுக்கிறாள். பாதுகாப்பு ஆணை வாங்கியிருக்கிறாள். கோபம் சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை என்கிறாள். அவன் பக்கத்துச் சேகரத்துக்கு மாறிப்போய்விட்டான். மாதா மாதம் அங்கே முன்வரிசையில் முழங்கால்படியிடுகிறானாம். காணிக்கைத் தட்டு அவன் முன்னால் நின்றுவிட்டு நகர்கிறது. அவனிடம் யாரும் இன்னும் எதுவும் கேட்கவில்லை.